கரையிலிருந்து தூண்டில் வீசுதல்: கோல் வாங்குவது முதல் நேராக வீசுவது வரை

கடற்கரையில் நின்று அலைக்கு அப்பால் தூண்டில் வீசிப் பழக வேண்டும் என்ற ஆசையில் முதன்முதலாகக் கடைக்குப் போனபோது, அங்கே இருந்தவற்றிலேயே நீளமான கோலைக் கேட்டு வாங்கினேன். 15 அடி நீளத்தில், ஒன்றுக்குள் ஒன்று செருகி மடங்கும் அந்தக் கோலை வைத்துக்கொண்டு கோவளம் கரையில் நான்கு மாதங்கள் வீசியும் தூண்டிலைத் தூரம் கொண்டுசெல்லக் கட்டும் என் ஈய எடை ஐம்பது தப்படிக்கு மேல் போகவில்லை. பத்துக்கும் மேற்பட்ட ஈயங்கள் தூண்டில் நரம்பறுந்து கடலோடு போயின. ஒருநாள் சுட்டுவிரல் அறுபட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சில நாள்களாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு காலையில் எழுந்து வந்து, கோலின் நுனியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க ஈயத்த எறியுறீங்க. கோல வளைச்சு விடுங்க, அது எறியும்” என்றார். என் கையிலிருந்த கோலை என்னால் வளைக்கவே முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு இரண்டு கோல்கள் மாற்றி, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பயிற்சி செய்து கற்றுக்கொண்டவற்றை, புதிதாகத் தொடங்கும் உங்களுக்குப் பணமும் விரலும் மிஞ்சட்டும் என்பதற்காகவே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் வீசுவது சென்னைக்குத் தெற்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான மணற்கரைகளில் என்பதால் எடைகளும் பருவங்களும் அந்தக் கரைக்கே உரியவை. வேறு கரையில் நிற்பவர்கள் எடையை மட்டும் தங்கள் கடலுக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும், முறை மாறாது.

1. கோலுக்கு முன்பு கரையைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு, நீங்கள் நின்று வீசப்போகும் கரைக்கு வெறுங்கையுடன் இரண்டு முறை போய் வாருங்கள். ஒருமுறை விடியலிலும் ஒருமுறை பிற்பகலிலும் போனால், ஒரே கரை இரண்டு வெவ்வேறு இடங்களைப் போல இருப்பதைக் காண்பீர்கள். கோடையில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் காற்று ஈயத்தைத் தாங்கிக்கொண்டு போகும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் அது நேரே முகத்தில் அடிக்கும். அதே கையும் அதே கோலும் அப்போது முக்கால்வாசித் தூரத்தைக்கூட எட்டா. ஆகவே பழகும் காலத்தில் காலை ஐந்து முதல் எட்டரை மணி வரையிலான நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அலை எங்கே உடைகிறது, உடைந்த பிறகு எங்கே அடங்குகிறது என்று கவனியுங்கள். அலை உடையும் மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே நீர் சற்றுக் கருத்துத் தெரியும் ஒரு பள்ளம் இருக்கும். கிழங்கான் போன்ற மீன்கள் இரை தேடி அந்தப் பள்ளத்துக்கே வருகின்றன. பல நாள்களில் அது கரையிலிருந்து 30 முதல் 50 மீட்டருக்குள் அடங்கிவிடும். பாறை மீன், காலா மீன் போன்றவற்றுக்கு அலைக்கு அப்பாலும், கொடுவாவுக்கு முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களின் ஓரத்திலும் வீச வேண்டியிருக்கும். தூரம் தேவைதான், ஆனால் 70 மீட்டரை ஒவ்வொரு முறையும் தவறாமல் எட்டுபவருக்கு இந்தக் கரையில் மீன் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கடையில் 15 அடிக் கோல் உங்களை ஈர்க்காது.

2. ஈயத்தின் எடையை முடிவு செய்யுங்கள்

கோலைத் தேர்ந்துவிட்டு அதற்கு ஈயம் தேடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. கடல் கேட்பது ஈயத்தை. ஈயம் கேட்பது கோலை. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும் நாள்களில் 80 முதல் 100 கிராம் ஈயம் மணலில் நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காகவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் ஓடும். ஓட்டம் வலுத்த நாள்களில் 125 முதல் 150 கிராம் வரை, அதுவும் கம்பிக்கால் வைத்த ஈயமாக இருந்தால்தான் நிற்கும். கம்பிக்கால் ஈயத்தின் நான்கு கம்பிகளும் மணலைக் கவ்விப் பிடித்திருந்து, நாம் இழுக்கும்போது மடங்கி விடுபட்டு வந்துவிடும்.

பழகுபவருக்கு என் பரிந்துரை 100 கிராம். அதற்கும் குறைந்த ஈயம் கனமான கோலை வளைக்காது. அதற்கும் கூடியது பழகாத தோளை வருத்தும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள்.

3. கோலைத் தேர்ந்தெடுங்கள்

கோலின் அடிப்பகுதியில் நீளத்தோடு வீச்செடையும், அதாவது அந்தக் கோல் வீசத் தக்க எடையும், அச்சிடப்பட்டிருக்கும். கிராமில் எழுதியிருந்தால் சிக்கலில்லை. அவுன்சில் எழுதியிருந்தால் ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28 கிராம். 4–6 அவுன்ஸ் என்றால் 113 முதல் 170 கிராம். ஜப்பானியக் கோல்களில் 25–405 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் செ.மீ.யில் நீளம், முதலாவது ஜப்பானியர் ஈயத்துக்கு வைத்திருக்கும் அளவு. அந்த அளவில் ஓர் அலகு 3.75 கிராம் என்பதால் 25 என்பது ஏறத்தாழ 94 கிராம். இதை அறியாமல் 25 கிராம் கோல் என்று நினைத்து ஒதுக்கியவர்களையும், பவுண்டில் எழுதப்பட்ட நரம்பின் வலுவை வீச்செடை என்று எண்ணி வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, மலிவான கோல்களில் ‘100–250 கிராம்’ என்று அகலமாகப் போட்டிருப்பது. 100 கிராமுக்கும் 250 கிராமுக்கும் ஒரே கோல் நன்றாக வளையாது. அச்சிட்ட மேலெல்லையை நம்பி முழு வலுவுடன் வீசினால் கோல் நடுவில் முறியலாம்; கீழெல்லையை நம்பி வீசினால் கோல் வளையாமல் விறைத்து நிற்கும். எழுதியிருக்கும் அளவின் நடுப்பகுதியில் நம் ஈயமும் இரையும் சேர்ந்த எடை விழ வேண்டும். 100 கிராம் ஈயத்தில் தொடங்குபவருக்கு 80–150 கிராம் என்று எழுதிய கோல் பொருந்தும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஐந்தரை அடி முதல் ஐந்தே முக்கால் அடி வரை உயரமுள்ள ஒருவருக்கு 12 அடிக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். நீளமான கோலின் நுனி அதிக வேகத்தில் நகரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீளத்தை அதே வேகத்தில் சுழற்றும் வலு நம்மிடம் இருந்தால் மட்டுமே அந்த நன்மை கிடைக்கும். உயரம் குறைந்தவர்களும் பெண்களும் 11 அடியில் தொடங்கினால் விரைவில் பழகுவார்கள். நான் 15 அடியிலிருந்து 12 அடிக்கு மாறிய முதல் வாரத்திலேயே பதினைந்து தப்படி கூடியது.

நீளத்தைவிடவும் கவனிக்க வேண்டியது, கோலின் அடிமுனையிலிருந்து, நரம்பைச் சுற்றும் கருவியான ரீல் பொருத்தும் இடம் வரையுள்ள இடைவெளி. அடிமுனையை அக்குளில் வைத்து, கோலின் மீது வலக்கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ரீல் பொருத்தும் இடம் உங்கள் கைப்பிடிக்குள் வர வேண்டும். அதைத் தாண்டி இருந்தால் வீசும்போது இரு கைகளும் அளவுக்கு மீறி விரிந்து, இடக்கையின் இழுப்பு வலுவிழந்துவிடும்.

பொருளைப் பொறுத்தவரை, முழுக் கண்ணாடியிழைக் கோல் எளிதில் உடையாது, விலையும் குறைவு. ஆனால் கனமாக இருக்கும், வளைந்தபின் சோம்பலாக நிமிரும். முழுக் கார்பன் கோல் இலேசாகவும் விரைவாகவும் இருக்கும். ஆனால் பாறையில் ஒருமுறை இடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பின்னொரு நாள் வீச்சில் முறியும். இரண்டும் கலந்த கோல் பழகுபவருக்கு ஏற்றது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிகளுக்குக் கீழேயும் இடி மின்னலின்போதும் கோலை நிமிர்த்திப் பிடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொலைவில் இடி கேட்டாலே கோலைப் படுக்க வைத்துவிட்டுக் கரையை விட்டு வெளியேறிவிடுங்கள்.

மடங்கும் கோலா, இணைப்புக் கோலா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: இணைப்புக் கோலையே வாங்குங்கள். மடங்கும் கோல் பையில் அடங்கும், ஆனால் அதன் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே நம் கடற்கரையின் மணல் புகுந்து அரைக்கும். நரம்பு ஓடும் வளையங்களும் வீச்சுக்கு வீச்சு திரும்பிக்கொள்ளும். மூன்று துண்டாகப் பிரியும் 12 அடிக் கோல் ஏறக்குறைய நான்கேகால் அடிக்குள் அடங்குவதால் இருசக்கர வாகனத்திலும் பேருந்திலும் கொண்டுபோகலாம். இரண்டு துண்டாகப் பிரிவது இன்னும் சீராக வளையும்; ஆனால் ஆறடிக்கு மேல் இருக்கும் துண்டுகளைத் தூக்கிச் செல்ல உங்களுக்கு வாகன வசதி வேண்டும்.

4. கடையில் செய்ய வேண்டிய சோதனைகளும் வாங்க வேண்டிய தாள்களும்

கோலை இணைத்துத் தரச் சொல்லி, அடிமுனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது; அது உங்கள் நரம்பை அறுக்கும். இணைப்பைச் செருகியபின் மெல்ல ஆட்டினால் ‘டக்’ என்ற ஒலி வரக் கூடாது. பிறகு நுனி வளையத்தின் வழியாக நரம்பைக் கோத்து, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கட்டிக் கோலை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நுனி மட்டும் மடங்கி மற்றது மரக்கட்டை போல நின்றால் அது உங்களுக்குரிய கோல் அன்று. வளைவு நுனியில் தொடங்கி நடுப்பகுதி வரை படிப்படியாக இறங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் கடையில் நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை.

பில்லில் ‘தூண்டில் கோல்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். நிறுவனத்தின் பெயர், மாதிரியின் பெயர், நீளம், இருந்தால் வரிசை எண் ஆகிய நான்கும் பில்லில் இருக்கட்டும். உத்தரவாதச் சீட்டில் கடையின் முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். என் இரண்டாவது கோலின் வளையம் மூன்றாம் வாரத்தில் கழன்றபோது, சீட்டில் முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விற்ற கடை கையை விரித்துவிட்டது. உத்தரவாதம் பெரும்பாலும் உற்பத்திக் குறைக்கு மட்டுமே என்பதையும், கதவிடுக்கில் சிக்கியோ அளவு மீறிய ஈயத்தாலோ முறிந்தால் அது பொருந்தாது என்பதையும் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணையவழியில் வாங்கினால் பொட்டலத்தைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் கைப்பேசியில் படம் பிடியுங்கள். நுனி முறிந்து வருவது அடிக்கடி நிகழ்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களிடம் கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் போன்ற அடையாளச் சான்றைக் கேட்கும். பொருளின் விலையோடு சுங்க வரி, ஜி.எஸ்.டி., நீளமான பொட்டலத்துக்கான கூடுதல் கட்டணம் ஆகியவையும் சேரும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபின்பே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். முதல் கோலுக்கு இந்த வழி வேண்டாம்.

5. ரீல், நரம்பு, லீடர்

12 அடிக் கோலுக்கு 5000 அல்லது 6000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் போதும். ஸ்பூல், அதாவது ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை, அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருந்தால் நரம்பு தடையின்றி உரியும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பைச் சுற்றுங்கள். குறைத்துச் சுற்றினால் நரம்பு விளிம்பில் உரசித் தூரம் குறையும், நிரம்பச் சுற்றினால் கொத்தாக உருவிக்கொண்டு வந்து சிக்கலாகும்.

முதல் இரண்டு மாதங்களுக்கு 0.35 மி.மீ. நைலான் நரம்பே நல்லது. விலை குறைவு, விரலை அறுக்காது, சிக்கினாலும் பிரிக்க முடியும். அதன்பின், மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பான பிரெய்டுக்கு மாறலாம்; பி.இ. 2 எனப்படும் அளவு 0.235 மி.மீ. தடிமன் கொண்டது, இந்தக் கரைக்கு அது போதும். பிரெய்டைச் சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றியது பத்தாவது வீச்சில் பறவைக்கூடு போலாகிவிடும்.

நரம்பின் முனையில் சேர்க்கும் வலுவான தடித்த நரம்பான லீடர் இல்லாமல் வீசுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வீச்சின் உச்சத்தில் ஈயம் நரம்பின் மீது தன் எடையைப் போலப் பன்மடங்கு இழுப்பைத் தருகிறது. மெல்லிய நரம்பு அதைத் தாங்காமல் அறுந்தால் 100 கிராம் ஈயம் எவர் தலையை நோக்கியும் பறக்கலாம். ஈயத்தின் ஒவ்வோர் அவுன்சுக்கும் 10 பவுண்டு வலு என்பதே உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. 100 கிராமுக்கு 40 பவுண்டு, 150 கிராமுக்கு 55 முதல் 60 பவுண்டு. லீடரின் நீளம் கோலின் இரு மடங்கு இருந்தால், ஈயம் தொங்கும் நிலையிலும் ஸ்பூலில் ஐந்தாறு சுற்றுக்குக் குறையாமல் லீடர் கிடக்கும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் முடிச்சை, பிரெய்டை லீடரின் மீது பின்னிக் கட்டும் எஃப்.ஜி. முறையில் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மெலிதாக இருப்பதால் வளையங்களில் இடிக்காமல் போகும். வீட்டில் இருபது முறை போட்டுப் பழகிவிட்டுக் கரைக்குப் போங்கள். காற்றில் நின்றுகொண்டு அதைக் கற்க முடியாது.

6. செலவுக் கணக்கு

நான் இன்று மறுபடி தொடங்கினால் இப்படிச் செலவிடுவேன்: கோலுக்கு 3,500 ரூபாய், ரீலுக்கு 3,000, பிரெய்டுக்கு 1,200, லீடர் சுருளுக்கு 400, ஈயம் பத்துக்கு 350, முள்ளும் ஸ்விவெலும் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) 300, கோலை மணலில் ஊன்றி நிறுத்த பி.வி.சி. குழாய் வெட்டிக்கொள்ள 150. ஆக மொத்தம் 8,900 ரூபாய். இவை நான் கடைகளில் கொடுத்த விலைகளை ஒட்டியவை; ஊருக்கும் கடைக்கும் ஏற்பக் கூடலாம், குறையலாம். பணம் போதவில்லை என்றால் கோலில் குறைக்காமல் ரீலில் குறையுங்கள். எளிய ரீலிலும் வீசிப் பழக முடியும். வளையாத கோலில் பழக முடியாது. விரலுக்கு ஒரு தோலுறை, 100 ரூபாய்க்குள் கிடைக்கும், அதை மறக்காதீர்கள். என் தையலுக்கு அதைப்போலப் பலமடங்கு ஆயிற்று.

7. வீச்சைத் தரையில் பழகுங்கள்

மீன் பிடிக்கும் ஆசையையும் வீசக் கற்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறுவடை முடிந்த வயலோ, ஆளில்லாத திடலோ, முன்னால் 200 மீட்டருக்கும் இருபுறமும் 50 மீட்டருக்கும் ஒருவரும் வராத இடமாகப் பார்த்து, முள்ளும் இரையும் இல்லாமல் ஈயத்தை மட்டும் கட்டிப் பழகுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு மக்கள் வரும் கடற்கரை இதற்கு ஏற்ற இடம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு முப்பது வீச்சு. அதற்கு மேல் வீசினால் களைத்த தோள் தவறான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன்; இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள். ரீலின் தண்டு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வரும்படி வலக்கையால் பிடியுங்கள். இடக்கை கோலின் அடிமுனையில். வீசுவதற்கு முன் டிராக்கை, அதாவது ஸ்பூல் சுழல்வதைத் தடுக்கும் திருகை, முழுவதும் இறுக்குங்கள். என் விரலை அறுத்தது இந்த ஒரு மறதிதான்: டிராக் தளர்ந்திருந்ததால் வீச்சின் நடுவில் ஸ்பூல் சுழன்று, பிரெய்டு விரலின் மீது கத்தியைப் போல ஓடியது. இறுக்கியபின் நரம்பைச் சுட்டுவிரலால் கொக்கி போலப் பிடித்து, ஸ்பூலின் முன்னால் வளைந்திருக்கும் கம்பியான பெயிலைத் திறந்து, ஈயம் நுனியிலிருந்து நான்கைந்து அடி கீழே தொங்கும்படி விடுங்கள்.

இடக்கால் இலக்கை நோக்கி முன்னே. வலக்கால் தோளகலம் பின்னே, உடலின் எடை முழுவதும் அதன் மீது. உடலை வலப்பக்கம் திருப்பி, கோலை உங்களுக்குப் பின்னால் நேராக நீட்டி, ஈயத்தைத் தரையில் கிடத்துங்கள். வலக்கை பின்னே நன்றாக நீண்டிருக்கட்டும். இடக்கை உங்கள் கண்ணுயரத்தில் இலக்கின் பக்கம் இருக்கட்டும். இப்போது தலையை மட்டும் திருப்பி, அடிவானத்துக்கு மேலே, கிடைமட்டத்துக்கும் உச்சிக்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பாருங்கள். பார்வை தாழ்ந்தால் ஈயமும் தாழ்ந்துதான் போகும்.

இனி, கோலை இழுக்கத் தொடங்குவது கையால் அன்று. வலக்காலிலிருந்து இடக்காலுக்கு எடை மாறட்டும், இடுப்பு திரும்பட்டும், அதன்பின் தோள் வரட்டும். கைகள் அப்போதும் பின்னாலேயே இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பவர் முதல் இழுப்பைப் பதறாமல் தொடங்குவதைப் போல இந்தப் பாதி மெதுவாகவும் சீராகவும் நடக்கட்டும். ஈயம் தரையை விட்டு எழுந்து, அதன் கனம் நுனியில் ஏறுவதைக் கைப்பிடியில் உணர்வீர்கள். மார்பு இலக்கைப் பார்க்கும் கணத்தில் வலக்கை காதருகே வந்திருக்கும். அங்கேதான் வலுவைக் காட்ட வேண்டும்: வலக்கை மேலும் முன்னும் குத்த, அதே நொடியில் இடக்கை கோலின் அடிமுனையை இடது விலாவை நோக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும். இரு கைகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் நகர்வதுதான் கோலை வளைக்கிறது. தொடக்கக்காரர்களில் பெரும்பாலானோர் வலக்கையால் மட்டும் தள்ளுகிறார்கள். இடக்கை வெறும் தாங்கியாக நின்றுவிடுகிறது. அந்தப் பெரியவர் சொன்னதன் பொருள் முழுவதும் இந்த இடக்கையில்தான் இருக்கிறது.

கோல் நீங்கள் பார்த்த புள்ளியை நெருங்கும்போது சுட்டுவிரலை நிமிர்த்துங்கள். விட்டபின் கோலைக் கீழே போட்டுவிடாமல், ஈயம் போகும் திசையிலேயே நுனியை வைத்திருங்கள். நரம்பு வளையங்களில் உரசாமல் ஓடும். ஈயம் விழுவதற்குச் சற்று முன் ஸ்பூலின் விளிம்பை விரலால் தொட்டு ஓட்டத்தை நிறுத்தி, பெயிலைக் கையால் மூடி, தளர்ந்த நரம்பை இறுக்கிச் சுற்றுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள் பாதி வலுவுடன் மட்டும் வீசுங்கள். தூரத்தைத் தப்படியால் அளந்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். அதிகபட்சத்தை எழுதாமல் பத்து வீச்சின் சராசரியை எழுதுங்கள். எனக்கு 65 தப்படியிலிருந்து 95 தப்படிக்கு வர மூன்று மாதங்கள் ஆயின. இரை கட்டி வீசும்போது காற்றுத் தடையால் இதில் கால் பங்குக்கும் மேல் குறையும். மத்தித் துண்டையோ இறாலையோ மெல்லிய ரப்பர் நூலால் இறுகச் சுற்றிக் கட்டினால் இழப்பு குறையும், இரையும் நடுவானில் பிய்ந்து போகாது.

8. ஈயம் விழும் இடமே பிழையைச் சொல்லும்

ஈயம் உயரே எழும்பி அருகிலேயே விழுந்தால் விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டீர்கள்; முன்னால் மணலில் அறைந்தால் தாமதித்துவிட்டீர்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ ஓடினால் கோல் தலைக்கு மேலாக வராமல் பக்கவாட்டில் சுழல்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் நரம்பு அறுந்தால் முடிச்சைப் பழி சொல்வதற்கு முன், நடுவழியில் பெயில் தானாக மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். சில ரீல்களில் கைப்பிடி இருக்கும் நிலையால் இப்படி நேர்கிறது, வீசுமுன் அரைச் சுற்று திருப்பி வைத்தால் நிற்கும். அடுத்து நுனி நரம்பு கோலைச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் காணத் தவறியதால்தான் என் ஈயங்களில் பாதி போயின.

வலுவைக் கூட்டக் கூட்டத் தூரம் குறைகிறதா? தொடக்கத்திலேயே வேகமெடுக்கிறீர்கள். கோல் பாதி வழியில் வளைந்து, நீங்கள் விடும் நேரத்தில் நிமிர்ந்து முடித்துவிட்டிருக்கும்.

9. கடலுக்கு முன்னால் நிற்கும் முதல் நாள்

நேரத்தை ஓதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாளுக்கு இருமுறை ஏறும் நீர் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் கூடுதலாக இருக்கும். விடியலும் நீர் ஏறும் இரண்டு மணி நேரமும் சேர்ந்து வரும் நாளே முதல் நாளுக்கு நல்லது.

மீனவக் குப்பத்தின் முன்னால் நிற்பதாக இருந்தால், அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். காலையில் ஃபைபர் படகுகள் அலையைப் பிளந்து கரையேறும் தடத்திலும், கரைவலை இழுக்கும் இடத்திலும் வீசக் கூடாது. குறுக்கே கிடக்கும் பிரெய்டு படகின் புரொப்பெல்லரில் சுற்றினால் அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு போய்விடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது; ஆனால் துறைமுகச் சுவர்கள், கல்பாக்கம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகள், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் ஆகியவற்றில் அனுமதியின்றி நுழையக் கூடாது. இரவில் வீசப் போனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடலோரக் காவல் படையினர் கேட்டால் காட்ட உதவும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருவதால் அப்போது பளிச்சென்ற விளக்கைத் தவிருங்கள்.

கடலின் நிலையை முன்கணித்துச் சொல்லும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் வெளியிடும் உயரலை எச்சரிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் கரையில் இறங்க வேண்டாம். முழங்காலுக்கு மேல் நீரில் நிற்காதீர்கள், முகத்துவாரத்தில் கணுக்காலளவுகூட வேண்டாம். கெளிறு மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் முதுகிலும் இருபுறமும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை. குத்திவிட்டால் கை தாங்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கோலின் இணைப்புகளைக் கழற்றி, வளையங்களின் அடிப்பாகத்தை நல்ல நீரில் மெல்லிய தூரிகையால் கழுவி, நிழலில் உலரவைத்தபின் உறைக்குள் போடுங்கள். ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு மேலோட்டமாக நீர் தெளித்துத் துடைத்து, உலர்ந்தபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். லீடரின் கடைசி ஓரடியை நகங்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அதை வெட்டிவிட்டு, அன்றிரவே புது முடிச்சைப் போட்டு வைத்துவிடுங்கள்.